வீட்டில் செய்யும் வாழ்த்துத் தாள்களும் காகிதக் கைவேலையும்



தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், முடிச்சூர், வண்டலூர் முதலிய ஊர்களில் வேலைக்குப் போகிறவர்கள் காலையில் மின்சார ரயில் ஏறிய பிறகு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும் வரையில் வீட்டிலிருப்போருக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. அவ்வோய்வும் ஒரே தொடர்ச்சியாய்க் கிடைப்பதில்லை. அரை மணி இப்போது, அரை மணி பிறகு என்று துண்டு துண்டாகவே வாய்க்கிறது. ஆகவே இடையில் நிறுத்தினாலும் கெடாத தொழிலே இவ்விடத்துக் குடும்பங்களுக்கு ஏற்றது. காகித வேலை அத்தகையது. அதற்குப் பெரிய யந்திரம் வேண்டியதில்லை. தனி அறையும் வேண்டியதில்லை. ஒரு கத்தரிக்கோல், ஓர் அடிக்கோல், சிறிது பசை, கவனமுள்ள இரண்டு கைகள் இருந்தால் போதும்.

வாழ்த்துத் தாளின் வரலாறு

விலைக்கு விற்பதற்கென்று அச்சிட்ட முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்துத் தாள் 1843-ஆம் வருஷம் லண்டனில் வெளிவந்தது. ஹென்றி கோல் என்பவர் சொல்ல, ஹார்ஸ்லி என்னும் ஓவியர் அதை வரைந்தார். அதற்கு மூன்று வருஷங்களுக்கு முன்பே அந்நாட்டில் ஒரு பென்னிக்குக் கடிதம் போகும் ஏற்பாடு வந்துவிட்டது. தபால் மலிந்ததும் வாழ்த்தும் பரவியது. நம் நாட்டில் 1879-இல் காலணா விலையில் தபால் கார்டு வந்தது. பிற்காலத்தில் தமிழ்நாட்டில் பொங்கல் வாழ்த்துத் தாள் அனுப்புவது வழக்கமாகி, மார்கழி மாதக் கடைவீதிகளில் அவை தோரணம் போலத் தொங்கின.

இன்று வாழ்த்து கைப்பேசியில் வந்துவிடுகிறது. கடைகளில் அச்சிட்ட தாள்களின் வியாபாரம் பெரிதும் குறைந்துவிட்டது. இதைக் கண்டு கைவேலை செய்வோர் மனந்தளர வேண்டியதில்லை. ஆனால் இதை மறந்துவிடவும் கூடாது. ஆயிரம் பேருக்கு ஒரே நொடியில் போகும் வாழ்த்தை ஒருவரும் எடுத்து வைப்பதில்லை. பெறுகிறவரின் பெயரோடு, ஒருவர் கையால் செய்து அனுப்பிய தாளை அலமாரியில் வைத்துப் பாதுகாக்கிறார்கள். கைவேலைக்கு மிஞ்சியிருக்கும் சந்தை இதுவே.

சிறிய காகிதத் துண்டும் பெரிய காரியம் செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1904-இல் டென்மார்க்கு தேசத்துத் தபால் ஊழியரான ஐனார் ஹோல்போல் என்பவருடைய யோசனைப்படி, கிறிஸ்துமஸ் கடிதங்களில் ஒட்டும் சிறு முத்திரைத் தாள்கள் விற்கப்பட்டன. வந்த பணம் காசநோயுற்ற குழந்தைகளுக்கு உதவியது. அவ்வழக்கம் பல தேசங்களுக்கும் பரவியது. அதே நோயை எதிர்த்துத் தாம்பரத்தில் 1928-இல் டாக்டர் சௌரிமுத்து ஒரு சானடோரியம் நிறுவினார். அது இன்று அரசாங்க மார்பு நோய் மருத்துவமனையாக இருக்கிறது. ரயில் நிலையமும் அப்பெயரையே தாங்கி நிற்கிறது.

காகிதத்தின் போக்கு

மரத்துக்கு நார்ப்போக்கு இருப்பது போல யந்திரத்தில் செய்த காகிதத்துக்கும் போக்கு உண்டு. போக்கை ஒட்டி மடித்தால் மடிப்பு நேராகவும் வழவழப்பாகவும் விழும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடித்து நார் வெளிப்படும். இதை அறிவது எளிது. தாளை மடிக்காமல் மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். எத்திசையில் கைக்கு எளிதாக வளைகிறதோ அத்திசையே மடிக்கத் தகுந்தது. மடிக்குமுன் மை தீர்ந்த பேனாமுனையால் கோடிட்டு அழுத்திக்கொள்வது நல்லது.

வெட்டும் முறையிலும் லாப நஷ்டம் இருக்கிறது. 22 அங்குல அகலமும் 28 அங்குல நீளமுமுள்ள தடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மடித்தபின் 5-க்கு 7 அங்குலம் இருக்கும் வாழ்த்துக்கு, விரித்த அளவு 10-க்கு 7 அங்குலம். 28 அங்குலப் பக்கத்தில் ஏழு ஏழு அங்குலமாகவும், 22 அங்குலப் பக்கத்தில் பத்துப் பத்து அங்குலமாகவும் வெட்டினால் 8 வாழ்த்துகள் கிடைக்கும். மிஞ்சும் இரண்டு அங்குலப் பட்டை நான்கு புத்தக அடையாளத் தாள்களாகும். ஒரு துண்டும் வீணாவதில்லை. திசையை மாற்றி எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வெட்டினால் 6 தான் தேறும். ஆகையால் கடையிலேயே தாளின் போக்கைப் பார்த்து, நீளப் பக்கத்தை ஒட்டிப் போக்குள்ளதாக வாங்க வேண்டும்.

மடிப்பில் உள்ள கணிதம்

காகிதம் மடிப்பது குழந்தை விளையாட்டு என்று எண்ணுவோர் பலர். சென்னை ராஜதானியில் வருவாய் இலாகா உத்தியோகஸ்தராயிருந்த டி. சுந்தரராவ் என்பவர், காகித மடிப்பினாலேயே க்ஷேத்திர கணிதத்தை விளக்கும் நூலொன்றை 1893-இல் சென்னையில் ஆங்கிலத்தில் வெளியிட்டார். கிண்டர்கார்ட்டன் பள்ளிகளில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் மடிப்புத் தாள்களே அவருக்கு அவ்வெண்ணத்தைத் தந்தன. ஜெர்மானியக் கணித மேதை பெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் எழுத்தில் குறிப்பிட்டார். பிறகு 1901-இல் அது அமெரிக்காவிலும் பதிப்பாயிற்று.

அம்முறையின் பயன் வீட்டு வேலைக்கும் உண்டு. கோணல்மாணலான தாளை ஒரு முறை மடித்தால் நேர்க்கோடு கிடைக்கிறது. அந்த ஓரத்தின் மேலேயே ஓரம் படியும்படி மறுபடி மடித்தால் செங்கோணம் கிடைக்கிறது. சம பக்க முக்கோணம் வேண்டுமானால், சதுரத் தாளை நடுவில் மடித்துப் பிரித்து, அடிப்பக்கத்தின் ஒரு மூலையை நிலையாக வைத்து, அடுத்த மூலையை நடுக்கோட்டின் மேல் படும்படி கொண்டுவர வேண்டும். அது படும் இடமே முக்கோணத்தின் உச்சி. இத்தகைய இரண்டு முக்கோணங்களை மாறி மாறி ஒட்டினால் ஆறு முனை நட்சத்திரமாகும். அளவுகோலில்லாமல் பிள்ளைகள் இதைச் செய்யும்போது, கை வேலையும் பாடமும் ஒருங்கே நடக்கின்றன.

பசையும் மூலப்பொருளும்

மைதா மாவைத் தண்ணீரில் கட்டியின்றிக் கரைத்து, கொதிநீரில் விட்டுக் கிளறிக் காய்ச்சிய பசை மலிவானது, தாளைக் கறைப்படுத்தாது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது விஷமாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் தவிர்த்து, இரண்டு நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் காய்ச்சுவதே உசிதம்.

பழைய காகிதத்தைக் கிழித்து ஓர் இரவு ஊறவைத்து அரைத்து, சட்டத்தில் கட்டிய வலையால் அள்ளி, பருத்தித் துணியில் கவிழ்த்து, பாரம் வைத்து உலர்த்தினால் கைக்காகிதம் கிடைக்கும். அரைக்கும் பாத்திரம் சமையலுக்கு உதவாததாயிருக்க வேண்டும். 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவின் முயற்சியில், இக்கைத்தொழிலை ஊக்குவித்தது. பக்கத்திலுள்ள அனகாபுத்தூரில் நெசவாளர் வாழை நாரால் சேலை நெய்கிறார்கள். அந்த நாரில் சிறிதளவை நறுக்கி, சலவைச் சோடா கலந்த நீரில் வேகவைத்து அலசி, கூழில் சேர்த்தால் தாளுக்கு இவ்வூர் அடையாளம் ஏற்படும். மீதி நார் வாழ்த்தைக் கட்டும் கயிறாகும்.

மழைக்காலத்தின் தொல்லை

கிறிஸ்துமஸ், புதுவருஷம், பொங்கல் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அவற்றுக்கான வேலை நடக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களோ இப்பகுதியில் அடைமழைக் காலம். ஈரக் காற்றில் தாள் சுருளும், பசை உலராது, பூஞ்சணம் பிடிக்கும். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் சுமார் 49 சென்டிமீட்டர் மழை பெய்து, முடிச்சூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. காகிதத்தை மூலதனமாகக் கொண்டவர் அத்தகைய ஓர் இரவில் அவ்வளவையும் இழக்கக்கூடும். ஆகவே வெட்டுவதையும் ஒட்டுவதையும் ஆடி, ஆவணியிலேயே முடித்து, மூடியுள்ள தகர டப்பாவில் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். பெயரெழுதும் வேலை மட்டும் கடைசியில் இருக்கலாம். தாளில் வருஷத்தை எழுதாமலிருந்தால், விற்காமல் மீந்ததை மறுவருஷம் உபயோகிக்கலாம்.

வரவு செலவு

ஓர் உதாரணக் கணக்கு பார்ப்போம். விலை கடைக்குக் கடை மாறும். ஒரு வாழ்த்துக்குத் தாள் 3 ரூபாய், உறை 2 ரூபாய், பசை, வர்ணம், கயிறு 1 ரூபாய், ஆக 6 ரூபாய். செய்ய 20 நிமிஷம். 20 ரூபாய்க்குக் கடையில் வைத்தால் கடைக்காரர் பங்கு 5 போக 15 வருகிறது. பத்தில் இரண்டு விற்காமல் போனால் வரவு 120, செலவு 60, மிச்சம் 60. அதற்கு உழைத்த நேரமோ 200 நிமிஷம். மணிக்கு 18 ரூபாய்தான் கூலி! இக்கணக்கைப் போடாமல் வட்டிக்குக் கடன் வாங்கித் தாள் வாங்குகிறவர் வருஷ முடிவில் தம் உழைப்பையே தானம் செய்தவராவார்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, திருமணம், புதுமனை புகுவிழா, பள்ளி விழா ஆகியவற்றுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்தவர்களுக்கு மட்டும் செய்வது. கழிவும் இல்லை, தேக்கமும் இல்லை. இரண்டாவது, சுய உதவிக் குழுவாகக் கூடி ஒருவர் வெட்ட, ஒருவர் மடிக்க, ஒருவர் ஒட்டுவது. இவ்விதம் ஒரு வாழ்த்துக்குச் செல்லும் உழைப்பு 10 நிமிஷமாகக் குறையுமானால், பத்துக்கும் சேர்ந்து 140 ரூபாய் மிச்சம். 100 நிமிஷ உழைப்புக்கு மணிக்கு 84 ரூபாய் ஆகிறது. தாளும் குழுவாக வாங்கினால் மலியும். தாம்பரத்திலிருந்து ரயிலேறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கினால், ஜார்ஜ் டவுனிலுள்ள ஆண்டர்சன் தெருவில் காகிதமும் அட்டையும் மொத்தமாக வாங்கலாம்.

விலையில் அச்சகத்தோடு போட்டியிடுவது வீண். சிவகாசி அச்சு யந்திரம் ஒரு மணியில் தள்ளுவதை ஒரு குடும்பம் ஒரு வருஷத்திலும் செய்ய முடியாது. அச்சகம் தராதது மூன்றே: பெறுகிறவரின் பெயர், அந்தச் சமயத்துக்குரிய சொல், கையின் சுத்தம். தபாலில் போகும் வாழ்த்தில் மணியும் கிளிஞ்சலும் ஒட்டலாகாது. முத்திரை குத்தும்போது அவை உடைந்து உறை கிழியும். கோணலாக மடித்த ஒரு தாள், நேராக மடித்த ஒன்பது தாளின் நற்பெயரையும் கெடுத்துவிடும்.

இவ்வேலை ஒரு குடும்பத்தின் முழு ஜீவனத்துக்கும் போதுமென்று ஒருவரும் நினைக்க வேண்டாம். பிள்ளையின் நோட்டுப் புத்தகத்துக்கும், பண்டிகைச் செலவுக்கும், கையில் சொந்தமாக நாலு காசு இருப்பதற்கும் அது உதவும். கணக்கோடு தொடங்கி, மழைக்கு முன் முடித்து, கூடி உழைத்தால், துண்டு துண்டாய்ப் போகும் ஓய்வு நேரம் பயனுள்ள சேமிப்பாக மாறும்.