கூட்டுறவுச் சங்கங்களில் நமக்கு என்ன பங்கு?

(கூட்டுறவு வாரத்தையொட்டி வீராம்பட்டினத்தில் நடந்த குடும்பங்கள் சந்திப்பில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் அறக்கட்டளைக்கு உதவி கேட்டு வருபவர்கள் முன்பெல்லாம் மருத்துவச் செலவு, குமர் காரியம், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் என்று வருவார்கள். சில ஆண்டுகளாக வேறு ஒரு காரணம் முன்னே வந்துவிட்டது. குழுக் கடன் வாங்கிய பெண்கள் வாரத் தவணை கட்ட முடியாமல் வருகிறார்கள். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்களும் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த அவமானத்துக்குப் பயந்துதான் வருகிறார்கள். நாங்கள் கொடுத்து அனுப்புகிறோம். அந்தப் பணம் அன்று மாலையே தவணையாகப் போய்விடுகிறது. நீங்கள் மனமுவந்து தந்த ஜகாத்தும் சதகாவும் சுற்றி வளைத்து யாரோ ஒருவருக்கு வட்டியாகப் போய்ச் சேர்கிறது. அறங்காவலர்கள் கூடியபோது எங்களுக்குத் தூக்கம் கெடுத்த விஷயம் இதுதான். அடுத்த வாரம் அதே சகோதரி மறுபடி வருகிறார், அவர் மீது என்ன குற்றம்?

2025ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்தது. 2012க்குப் பிறகு அது இரண்டாவது முறை. 'கூட்டுறவு' என்றதும் நமக்கு ரேஷன் கடையும் நகைக் கடன் வரிசையும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைத் தாண்டி அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

நாம் கூடியிருப்பது கடற்கரை ஊர். நம்மில் படகேறுகிறவர்கள் குறைவு. ஆனால் மீன் வாங்கி விற்பது, கருவாடு, ஐஸ், லோடு ஆட்டோ என்று இந்தக் கரையை நம்பிப் பிழைக்கும் வீடுகள் உண்டு. கரையில் நடப்பது உங்களுக்குத் தெரியும். வலைக்கும் எஞ்சினுக்கும் முன்பணம் கொடுத்தவர்தான் மீனை ஏலம் விடுவார். ஒவ்வொரு நாள் பிடிப்பிலும் அவருக்குக் கமிஷன் உண்டு. கமிஷன் கழியும், அசல் அப்படியே நிற்கும். கடன் தீரும்வரை வேறு யாரிடமும் விற்க முடியாது. பேச்சில் அதற்கு வட்டி என்ற பெயர் இருக்காது. நடப்பதை வைத்துப் பார்த்தால் என்ன பெயர் வைப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டியவர்கள் மீனவர்களே. திருவனந்தபுரம் கடற்கரையில் மரியநாடு என்ற ஊரில், 1960களின் இறுதியில், மீனவர்கள் தங்கள் மீனைத் தாங்களே ஏலம் விடத் தொடங்கினார்கள். அப்படிப்பட்ட ஊர்ச் சங்கங்கள் பெருகி, 1980இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானது; சிஃப்ஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். கன்னியாகுமரி மாவட்டத் தமிழ் மீனவர்களும் இதில் பெருமளவில் சேர்ந்தார்கள். ஏலத்தைச் சங்கம் நடத்தும். விற்ற தொகையில் ஒரு பங்கு கடனுக்குக் கழியும், ஒரு சிறு பங்கு உறுப்பினரின் சேமிப்பில் சேரும், இன்னொரு சிறு பங்கு சங்கச் செலவுக்கு. மீன் கிடைத்த நாளில் அதிகம் கழியும், கிடைக்காத நாளில் ஒன்றும் கழியாது. வாரம் தவறாமல் கட்டு என்று கேட்கும் குழுக் கடனோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்! 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்த அமைப்பு நாகப்பட்டினம், காரைக்கால் கரைகளுக்கும் வந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்பதற்காகக் கடலுக்கு ஓய்வு. கடல் ஓய்வெடுக்கும்போது வயிறு ஓய்வெடுக்குமா? சேமிப்பு இல்லாதவர் கடன் வாங்குவார். கடன் வாங்கியவர் தடை முடிந்ததும் கிடைப்பதையெல்லாம் அள்ளப் பார்ப்பார். 2021இல் சுருக்குமடி வலைக்காக வீராம்பட்டினமும் நல்லவாடும் மோதிக்கொண்ட நாள்களை நாம் மறக்கவில்லை. யார் பக்கம் நியாயம் என்று பேச நாங்கள் வரவில்லை. கடனும் போட்டியும் சேர்ந்தால் கடலும் தாங்காது, ஊரும் தாங்காது.

பெரியோர்கள் கேட்கும் கேள்வி ஒன்று. கூட்டுறவு என்றாலே வட்டிதானே, நமக்கு எப்படி ஆகும்? கடன் சங்கங்கள் வட்டிக்குக் கொடுக்கின்றன, உண்மை. அங்கே போகச் சொல்லவில்லை. ஆனால் பால் சங்கம், மீன் விற்பனைச் சங்கம், பண்டகசாலை ஆகியவற்றின் அடிப்படை வேலை வேறு. பலர் சேர்ந்து விற்பது அல்லது வாங்குவது, செலவு போக மிச்சத்தைப் பங்கிடுவது. கூட்டு வியாபாரத்துக்கு நம் ஃபிக்ஹு நூல்களில் ஷிர்கத் என்று தனிப் பாடமே இருக்கிறது; மதரஸாவில் ஓதியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சங்கங்களிலும் கடன் திட்டம் இருந்தால் அதில் சேராமல் இருக்கலாம், கட்டாயம் இல்லை. கடன் தேவைக்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்ட் நகை ஈட்டின் பேரில் வட்டியில்லாமல் கடன் கொடுத்து வருகிறது. டெல்லியில் உள்ள ஸஹூலத் அமைப்பு, பல மாநிலங்களில் வட்டியில்லாக் கடன் சங்கங்களைக் கூட்டுறவுச் சட்டத்தின் கீழேயே நடத்த உதவுகிறது.

நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பாண்லே. வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பால் சங்கங்கள் இருக்கின்றன. பாகூர் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிறது, வைக்கோல் கிடைக்கிறது, புதுச்சேரிக்குத் தேவையான பால் உள்ளூரில் கிடைக்காமல் வெளி மாநிலத்திலிருந்து வருகிறது. ஒரு மாடு வைத்திருக்கும் விதவைக்கும் இருபது மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே தரப் பாலுக்கு ஒரே விலை. கொழுப்பைக் கருவி அளக்கும், ஆள் முகம் பார்க்காது. பங்கு எத்தனை இருந்தாலும் தேர்தலில் ஆளுக்கு ஒரே ஓட்டு. பலம் உள்ளவர் சொல்வதே சட்டம் என்ற இடத்தில் இது சிறிய விஷயம் இல்லை.

எல்லாம் நன்றாக நடக்கிறது என்று சொல்ல மாட்டோம். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை நின்றுபோனதை எல்லோரும் பார்த்தோம். கரும்பு போட்டவர்களும் தொழிலாளர்களும் பாக்கிக்காக அலைந்தார்கள். நம் கணிப்பில் நோய் ஒன்றுதான். உறுப்பினர் பொதுக்குழுவுக்குப் போவதில்லை, கணக்குக் கேட்பதில்லை. தேர்தல் தள்ளிப்போகும், அதிகாரி நிர்வாகியாக உட்காருவார், வேண்டியவர்களுக்கு வேலை போடுவார்கள். பிறகு சங்கம் இன்னொரு அரசு அலுவலகம் ஆகிவிடும், நாமும் அங்கே மனுக் கொடுப்பவர்களாக ஆகிவிடுவோம். நம் சமுதாயத்தார் இதில் இன்னும் பின்தங்கியிருக்கிறோம். பாலை ஊற்றிவிட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு வருகிறோம், உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று கூடப் பார்ப்பதில்லை. பல வீடுகளில் மாட்டைப் பார்ப்பது மனைவி, உறுப்பினர் கணவர். இதுவும் மாற வேண்டும். கூட்டுறவுச் சங்கம் அமைப்பது 2011ஆம் ஆண்டின் 97ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் நம் அடிப்படை உரிமைகளில் ஒன்றாகிவிட்டது. உரிமை இருந்து பயன் என்ன, கூட்டத்துக்கு ஆள் போக வேண்டுமே.

ஆகவே அறங்காவலர் குழு ஒரு முடிவு செய்திருக்கிறது. சுல்தான்பேட்டையிலும் பாகூர் பக்கமும் கறவை மாடு வைத்திருக்கும் விதவைகள், கணவரால் கைவிடப்பட்ட சகோதரிகள் பால் சங்கத்தில் சேர, நுழைவுக் கட்டணத்தையும் பங்குத் தொகையையும் சதகா நிதியிலிருந்து கட்டுகிறோம். பங்கு அவரவர் பெயரில் இருக்கும், அறக்கட்டளைக்கு அதில் உரிமை கிடையாது. ஜகாத் நிதியையும் இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஆலிம்களிடம் கேட்டிருக்கிறோம். அவர்கள் பதில் வந்த பிறகே அதைத் தொடுவோம். குழுக் கடன் தவணைக்கான உதவியை உடனே நிறுத்தப் போவதில்லை, யாரும் பயப்பட வேண்டாம். ஆனால் அந்த உதவி பெறுபவர்களிடம் வீட்டில் என்ன தொழில் நடக்கிறது, எதை யாரிடம் விற்கிறீர்கள் என்று இனி உட்கார்ந்து கேட்போம்.

மீன், கருவாடு வியாபாரம் செய்யும் குடும்பங்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும். மீனவச் சகோதரர்களோடு சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது. நாம் மட்டும் தனிச் சங்கம் வைத்தால் கரையில் நிற்காது. ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் பேச நேரம் கேட்டிருக்கிறோம்.

பால் சங்க உதவிக்கான படிவம் அறக்கட்டளை அலுவலகத்தில் அஸருக்குப் பிறகு கிடைக்கும். ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றின் நகலோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நாங்களே எழுதித் தருகிறோம். வஸ்ஸலாம்.