இழந்த வீட்டின் தளப்படம்

மலையோ பேராறோ இல்லாமல், சுண்ணக்கல்லின் மேல் சமதரையாக விரிந்து கிடக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்கு முகம் கொடுப்பவை கிடுகு வேலியும் ஒழுங்கையும் படலையும் கிணற்றடியும் பனைகளும் ஆகும். இம்முகத்தை ஆசை இராசையா போன்ற ஓவியர்கள் கண் கண்டபடி தீட்டினர்; அ. மாற்கு (1933–2000) உருவங்களைச் சிதைத்தும் எளிமையாக்கியும் நவீன ஓவிய மொழியை இங்கே வளர்த்தார். போருக்குள் வளர்ந்த தலைமுறைக்கோ, பார்த்து வரைவதற்கான நிலமே எட்டாததாகிவிட்டதால், நிலக்காட்சி நினைவின் வேலையாக மாறியது.

இம்மாற்றத்தை மிக ஆழமாகக் காட்டும் படைப்பு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைவரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன் 2011 இல் வெளியிட்ட, ‘முற்றுப்பெறாத தோம்பு’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பைக் கொண்ட கலைநூல் ஆகும். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வரி அறவிடுவதற்காகக் காணிகளையும் அவற்றின் உடைமையாளரையும் பதிந்து வைத்த ஏடு. சனாதனனின் தோம்பிலோ, இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேர், தாம் விட்டுவந்த வீட்டின் தளப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே வரைந்தனர். அது கட்டடக்கலை முறைப்படி அளவு வரைபடமாகத் திருத்தி வரையப்பட்டது. அவரவர் கதையைக் கேட்ட ஓவியர், உலர் வண்ணக்கட்டியால் ஒரு சித்திரம் தீட்டிச் சேர்த்தார்.

இங்கே நேயர்கள் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொருளின் தோற்றத்தை விலக்கிக் கோட்டையும் வடிவத்தையும் மட்டும் கொள்ளும் அரூபக் கலையை, பழகிய கண்ணுக்கே உரியதென்று பலர் கருதுவதுண்டு. ஆனால் சுவரின் உயரமோ நிறமோ மனிதரோ இல்லாத தளப்படத்தைவிட அரூபமான ஓவியம் வேறு எது? ஓவியம் பயிலாத ஒருவர் விறாந்தை, சாமியறை, குசினி, கிணறு, மாமரம் என்று ஒவ்வொன்றாகக் கோடிழுக்கும்போது, அளவுகோல் அறியாத கை தனக்கு நெருக்கமான இடத்தைப் பெரிதாக்கிவிடலாம்; கோணலும் அழுத்தமும் அந்த வாழ்வின் அளவுகளாகின்றன. அவ்வரைபடம் செம்மையாக்கப்படும்போது கோடுகள் நேராகி, கை நடுக்கம் மறைகிறது. மறைந்ததை ஓவியரின் சித்திரம் வேறொரு வழியில் மீட்க முயல்கிறது. வீட்டுக்கும் நினைவுக்கும் இடையிலுள்ள தொலைவை இம்மூன்று தாள்களும் சேர்ந்து காட்டுவதாலேயே, இந்நூல் ஆவணத்தின் எல்லையைக் கடந்து கலையாக நிற்கிறது.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்த இலட்சக்கணக்கான மக்களும், உயர் பாதுகாப்பு வலயத்தால் பல ஆண்டுகள் வளவுக்குத் திரும்ப இயலாதிருந்த வலிகாமம் வடக்கு மக்களும் காணி உறுதியை இழந்தாலும் மனத்திலுள்ள இந்த வரைபடத்தை இழக்கவில்லை என்பதை நினைத்தால், ஓவியரின் தேர்வு எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். 2004 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில், 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த அதே இடத்தில், மக்களிடமிருந்து திரட்டிய அன்றாடப் பொருள்களை அவர் கலைப்படைப்பாகக் காட்சிக்கு வைத்ததும் இதே நோக்கில்தான்.

நேயர்கள் இன்றே தத்தம் வீட்டிலுள்ள மூத்தோரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, அவர்கள் பிறந்த வளவை வரையச் சொல்லி, அத்தாளில் ஊரின் பெயரையும் ஆண்டையும் எழுதிப் பாதுகாத்து வைக்க வேண்டும்.