விலைச்சீட்டும் விலைபேசலும்



சந்தையிலே கத்தரிக்காய் வாங்குபவரும் விற்பவரும் ஏறத்தாழச் சமநிலையில் நின்று பேரம் பேசுகின்றனர். அன்றைய விலை இருவருக்கும் தெரியும். ஒருவரிடம் படியாவிட்டால் அடுத்தவரிடம் செல்லலாம். மோட்டார்க் கார் வாங்குவது அத்தகையதன்று. வாங்குபவர் வாழ்நாளிற் சில தடவைகளே இப்பேரத்தில் ஈடுபடுகிறார்; விற்பவருக்கோ அதுவே நாளாந்தத் தொழில். இப்பேரம் நெடுங்கால வழக்கமாக நிலைத்துவிட்ட அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அது எவ்வாறு நடைபெறுகிறது, வாங்குபவர் தம்மைக் காத்துக்கொள்ளும் வழி யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

1950களில் அந்நாட்டில் புதிய காரின் விலை இதுதான் என்று வாங்குபவர் அறிய வழியில்லாதிருந்தது. வணிகர் சிலர் விலையை முதலில் உயர்த்திக் கூறுவர். பின்னர் வாங்குபவரின் பழைய காருக்குத் தாராளமாக விலை மதிப்பதுபோலக் காட்டி, உயர்த்தியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பர். வாங்குபவரும் இலாபமடைந்ததாக எண்ணி மகிழ்வார். இந்நிலையை மாற்ற ஒக்லஹோமா மாநிலத்தின் செனற் சபை உறுப்பினர் மைக் மன்றோனி முன்னின்று உழைத்ததன் பயனாக 1958ஆம் ஆண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது. உற்பத்தியாளர் குறிக்கும் விலை, மேலதிக உறுப்புகளின் விலை, காரைக் கொண்டுவரும் செலவு ஆகியன அடங்கிய சீட்டொன்று ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் ஒட்டப்படல் வேண்டும் என்பது அதன் விதி. அச்சீட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

ஆயினும், சீட்டிலுள்ளது குறிப்பு விலையேயன்றிக் கட்டளை விலையன்று. அதற்குக் குறைத்தும் விற்கலாம், கூட்டியும் விற்கலாம். எனவே பேரம் ஒழியவில்லை. அப்பேரம் யாவர்க்கும் ஒரே விதமாக அமைகிறதா? சட்ட அறிஞர் இயன் அயர்ஸ் இவ்வினாவுக்கு விடைகாண முற்பட்டார். சிக்காகோ நகர்ப் புறத்து விற்பனை நிலையங்களுக்கு அவர் பயிற்சி பெற்ற சிலரை அனுப்பினார். எல்லோரும் ஒரே விதமாகப் பேசினர். ஒரே உபாயத்தைக் கையாண்டனர். 1991இல் வெளியான முடிவு சிந்திக்கத்தக்கது. வெள்ளையின ஆடவரிடம் கேட்கப்பட்ட இலாபத்தைக் காட்டிலும் வெள்ளையினப் பெண்களிடம் ஏறத்தாழ 40 வீதம் கூடுதலான இலாபம் கேட்கப்பட்டது. கறுப்பின ஆடவரிடம் அது இரு மடங்குக்கும், கறுப்பினப் பெண்களிடம் மும்மடங்குக்கும் மேற்பட்டது. மறைந்திருக்கும் விலை, பேசுபவரின் முகத்தைப் பார்த்து மாறுகிறது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

இனிக் கட்டணங்களைக் கவனிப்போம். விலை படிந்ததும் வாங்குபவர் நிம்மதியடைகிறார். அவ்வேளையிலேதான் வேறொரு தாள் அவர்முன் வைக்கப்படுகிறது. அதிலுள்ளவற்றை மூவகையாகப் பிரிக்கலாம். விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் அரசுக்குரியன; அவற்றிற் பேரமில்லை. பத்திரங்களை ஆயத்தஞ் செய்யும் கட்டணம் வணிகருக்குரியது. சில மாநிலங்கள் அதற்கு உச்ச வரம்பு விதித்துள்ளன, வேறு சில விதிக்கவில்லை. வணிகர் அதனைக் குறைக்க இசையாவிடின், அத்தொகையளவுக்குக் காரின் விலையைக் குறைக்கும்படி கேட்கலாம். மூன்றாவது, வண்ணப்பூச்சுக்குப் பாதுகாப்பு, சக்கரங்களுக்கு நைதரசன் வாயு என்பன போன்ற சேர்க்கைகள். வேண்டாவெனில் வேண்டாவென்று மறுக்கத்தக்கவை இவை.

எல்லாவற்றிலும் எச்சரிக்கையாக இருக்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. "மாதம் எவ்வளவு கட்டுவீர்கள்?" என்பதே அது. 30,000 டொலர் கடனை 7 வீத வட்டியில் 60 மாதங்களிற் செலுத்தினால் மாதத் தவணை ஏறக்குறைய 594 டொலர். அதே கடனை 84 மாதங்களுக்கு நீட்டினால் தவணை 453 டொலராகக் குறையும். பார்வைக்கு இது சலுகை. ஆனால் மொத்தத்தில் 2,390 டொலர் வரை கூடுதலாகச் செலுத்த நேரிடும். தவணையைப் பற்றி மாத்திரம் பேசுபவர் விலையைப் பற்றிப் பேசும் உரிமையைக் கைநழுவ விடுகிறார்.

சட்டம் நம்மைக் காக்காதா என நீங்கள் வினவலாம். காரை வாங்குபவர் செலுத்தவேண்டிய விலையை ஒளிவின்றி முன்னரே அறிவிக்க வேண்டும் என்னும் விதியொன்றை அந்நாட்டின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு 2023 டிசெம்பரில் இயற்றியது. ஆணைக்குழு உரிய நடைமுறையைப் பின்பற்றவில்லை எனக் கூறி, 2025 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அதனை நீக்கிவிட்டது. வீடு தேடி வந்து விற்போரிடம் வாங்கிய பொருளை மூன்று நாட்களுக்குள் மறுக்க இடந்தரும் மத்திய விதியும் விற்பனை நிலையத்தில் வாங்கிய காருக்குப் பொருந்தாது. ஆகவே கையொப்பமிடுமுன் விழிப்பாயிருத்தலே முதற் காவல்.

அதற்குரிய வழி எளியது. விலை, வரி, கட்டணம் யாவும் அடங்கிய மொத்தத் தொகை ஒன்றையே கேளுங்கள். அதனை எழுத்திற் பெறுங்கள். மூன்று நான்கு நிலையங்களிடம் கேட்டு ஒப்பிடுங்கள். கடன் வட்டியை உங்கள் வங்கியிடம் முன்கூட்டியே விசாரியுங்கள். பழைய காரின் விலையை வேறாகப் பேசுங்கள். நேரிற் செல்லாது இணைய வழியாக விலை கேட்டபோது, சிறுபான்மை இனத்தவரும் ஏனையோர் கொடுத்த விலையை ஏறக்குறைய ஒத்த விலையையே கொடுத்தனர் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. எழுத்தில் வரும் தொகைக்கு முகம் தெரியாது.

பேரம் பேசுதல் இழிவன்று. வணிகரும் வாழ வேண்டியவரே. ஆனால் நாவன்மை உடையவனுக்கு ஒரு விலையும், கூச்சமுடைய ஏழைத் தாய்க்கு மற்றொரு விலையுமாக இருப்பது முறையன்று. தொகை வெளிச்சத்துக்கு வரும்போது அந்த வேற்றுமை குறைகிறது. ஆதலால் மொத்தம் எவ்வளவு என்று கேட்க ஒருவரும் நாண வேண்டியதில்லை. விடை எழுத்தில் வராவிட்டால் எழுந்து செல்லவும் தயங்க வேண்டியதில்லை.