ஒரு கடிதம் கற்றுக் கொடுத்த இலக்கணம்

(நம் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கிலீஷில் பிழையின்றி எழுதுவது பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி காரியதரிசி சொன்னார். நான் ஆங்கிலப் பண்டிதன் அல்ல. கெமிஸ்ட்ரியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் முப்பத்தைந்து வருஷம் ஃபைல் எழுதியவன். தெளிவில்லாமல் எழுதி, அதன் விளைவைக் கண்ணெதிரே பார்த்தவன். அதுதான் என் யோக்யதை.

1979-ல், காலமான ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் சம்பந்தமாக ஒரு கடிதம் தயாரித்தேன். டெத் சர்டிபிகேட், சக்ஸெஷன் சர்டிபிகேட், நாமினேஷன் நகல் என்று மூன்றை வரிசையாக எழுதி, கடைசியில் ‘இஃப் எனி’ என்று போட்டேன். பின்னிரண்டும் இருந்தால் அனுப்பலாம், இல்லாவிட்டால் பாதகமில்லை என்பது என் எண்ணம். அந்த அம்மாளுக்குக் கடிதத்தைப் படித்துச் சொன்னவரோ, ‘இஃப் எனி’ நாமினேஷனுக்கு மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டார். அவர் புரிந்துகொண்டதிலும் தப்பில்லை.

எட்டு மாதம் கழித்து அந்த அம்மாள் வந்தார். வளையலை அடகு வைத்து, கோர்ட்டுக்கு அலைந்து, சக்ஸெஷன் சர்டிபிகேட் வாங்கி வந்திருந்தார். “இது போதுமா சார்?” என்று கேட்டார். அது வேண்டவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கடிதத்தில் ஒரு ஸ்பெல்லிங் பிழைகூட இல்லை!

ஆகவே குழந்தைகளுக்குச் சொல்கிறேன். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நம் தமிழ்ப் பழக்கத்தில் ‘டிஸ்கஸ்ட் அபௌட்’ என்று எழுதுகிறோம். ‘அபௌட்’ தேவையில்லை, திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் அதனால் யார் குடியும் முழுகாது. அர்த்தம் இரண்டுபடும் வாக்கியம்தான் ஆளை அலைக்கழிக்கும்.

ஒரு கமா என்ன செய்யும் என்று கேட்கலாம். அமெரிக்காவில் மெய்ன் மாநிலச் சட்டம், ஓவர்டைம் பெறத் தகுதியில்லாத வேலைகளைப் பட்டியல் போட்டிருந்தது. அதன் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று இருந்தது. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பின் கமா இல்லை. டிஸ்ட்ரிபியூஷன் என்பது தனி வேலையா, அல்லது அதற்காகப் பேக் செய்வது மட்டுமா? ஓக்ஹர்ஸ்ட் டெய்ரியின் வண்டி ஓட்டுநர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2017-ல் அப்பீல் கோர்ட் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018-ல் 50 லட்சம் டாலருக்கு ராஜியாயிற்று.

இன்னொன்று, பாஸிவ் வாய்ஸ். ‘டெஸ்ட் ட்யூப் வாஸ் ஹீட்டட்’ என்று லேப் ரெக்கார்டில் எழுதிப் பழகியவன் நான். யார் சூடாக்கினால் என்ன? உப்பு ஒன்றுதானே! ஆனால் ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்று ஆபீஸ் கடிதம் சொன்னால், எடுப்பது யார், எப்போது என்று வாங்கியவர் தவிக்கிறார். பிரிட்டிஷ் கஜானா இலாகாவின் வேண்டுகோளின்பேரில் சர் எர்னஸ்ட் கவர்ஸ், அதிகாரிகள் எளிமையாக எழுதுவதற்காகவே 1948-ல் ‘ப்ளெயின் வேர்ட்ஸ்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். அந்த அம்மாள் வந்துபோன பிறகுதான் நான் அதைத் தேடிப் படித்தேன்.

அதன்பின் ரிடையர் ஆகும்வரை மூன்று நியமங்களைக் கடைப்பிடித்தேன். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம். செய்ய வேண்டியவர் யார் என்பது முதலிலேயே தெரிய வேண்டும். நிபந்தனைச் சொல், அது எதைச் சேர்ந்ததோ அதன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். எழுதி முடித்ததும், விஷயம் தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். எனக்கு ஆபீஸ் பியூன்தான் பரீட்சை அதிகாரி. அவருக்குப் புரியாத எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.