இரண்டு புறாக்கள் போதும்



இன்று பிப்ரவரி 2, ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக அர்ப்பணித்த விழா. பிறந்த நாற்பதாம் நாள் குழந்தை இயேசுவை மரியாவும் யோசேப்பும் எருசலேம் கோவிலுக்குக் கொண்டுசென்றதை நினைத்து, எரியும் மெழுகுதிரியோடு பவனி வருகிறோம்.

1342-இல் அம்புரோஜியோ லொரென்சேத்தி என்ற ஓவியர், இத்தாலி நாட்டுச் சியன்னா பேராலயத்துக்காக இந்தக் காட்சியை வரைந்தார். சிமியோனின் கையில் துணி சுற்றிய குழந்தை, நம் வீட்டுப் பிள்ளையைப் போலவே விரல் சப்புகிறது. பின்னால் பலிபீடம். அங்கே நிற்கும் குருவின் கையில் கத்தியும் பலிக்கான புறாவும்.

அந்தப் புறாவுக்குப் பொருள் உண்டு. பிள்ளை பெற்ற தாய் ஓர் ஆட்டுக்குட்டியைக் கொடுக்க வேண்டும். இயலாதவள் இரண்டு புறாக்களைக் கொடுக்கலாம் என்கிறது லேவியர் நூல் 12-ஆம் அதிகாரம். ஆக, புறா ஏழை வீட்டுக் காணிக்கை. உலக மீட்பரைப் பெற்றவர்களுக்கு ஆடு வாங்க வசதியில்லை. அதற்காக அவர்கள் நாளைத் தள்ளிப்போடவில்லை.

நாம் தள்ளிப்போடுகிறோம். கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை நம் கடற்கரையில் கேட்கிற பேச்சுதான்: "மீன்பாடு இல்லை சாமி, கையில் காசு வரட்டும், பிறகு ஞானஸ்நானம் வைத்துக்கொள்ளலாம்." காசு எதற்கு? மண்டபத்துக்கு, பிரியாணிக்கு, போட்டோவுக்கு.

எனக்குத் தெரிந்த ஒரு பாட்டி, பேரனின் ஞானஸ்நானத்தைப் பார்த்துவிட்டுக் கண்மூட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வீட்டார் விருந்துக்குப் பணம் சேர்த்தார்கள். விருந்தும் நடந்தது. பாட்டி அதற்கு முன்பே போய்விட்டார்.

முதியவர் சிமியோனும் அப்படித்தான் காத்திருந்தார். பெற்றோர் உரிய நாளில் வந்ததால் அவர் கைகள் நிறைந்தன.

பிறந்த முதல் சில வாரங்களுக்குள் திருமுழுக்குக் கொடுக்கப் பார்க்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்குத் தேவையானவை தண்ணீர், திருத்தைலம், வெள்ளாடை, பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றும் ஒரு மெழுகுதிரி. விருந்து இந்தப் பட்டியலில் இல்லை. வசதி இருந்தால் விருந்து வையுங்கள், தவறில்லை. இல்லையென்றால் வெட்கப்படாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். இரண்டு புறாக்களோடு வந்த குடும்பம் உங்களுக்கு முன்னே நடந்து போயிருக்கிறது.

செபிப்போம்: ஏழையாய் எங்களிடம் வந்த ஆண்டவரே, எங்கள் குழந்தைகளைத் தாமதமின்றி உம்மிடம் கொண்டுவரும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.