காரியாலயத்துக் காப்பி இயந்திரம்

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. ஒரு காரியாலயத்துக்குக் காப்பி இயந்திரம் வாங்கவேண்டுமானால் எதைப் பார்த்து வாங்குவது என்பதே அது. பொருள் சிறிதாயினும் அதைப் பற்றிய சர்ச்சை பெரிது. சிங்கப்பூரில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்த பார்க்கின்சன் என்னும் ஆங்கிலேயர், 1957-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் ஒரு நிதிக் குழுவின் கூட்டத்தைக் கற்பனை செய்து காட்டுகிறார். அணு உலை ஒன்றுக்குப் பெரும்பணம் ஒதுக்கும் தீர்மானம் இரண்டரை நிமிடத்தில் நிறைவேறிவிடுகிறது. கூட்டங்களில் வழங்கும் காப்பிக்கான அற்பச் செலவோ ஒன்றேகால் மணி நேரம் விவாதிக்கப்படுகிறது. அணு உலையைப் பற்றிப் பேசும் துணிவு பலருக்கு இல்லை. காப்பியைப் பற்றி அபிப்பிராயம் இல்லாதவரோ ஒருவரும் இல்லை.

எனக்கு அந்தப் பேராசிரியரோடு சிறிது வழக்கு உண்டு. நாள்தோறும் இரண்டு வேளை அருந்தும் பொருளைப் பற்றி மக்கள் நெடுநேரம் பேசினால் என்ன பிழை? பேசவேண்டிய சிலவற்றைப் பேசாமல் எழுந்துவிடுகிறார்களே என்பதுதான் என் குறை. குழுவினர் விலைப்பட்டியலை விரித்து வைத்துக்கொண்டு, இதில் எத்தனை பொத்தான், அதில் எத்தனை வகைப் பானம் என்று எண்ணுகிறார்கள். நாளொன்றுக்கு இருநூறு கோப்பை தரும் என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு மகிழ்கிறார்கள். அந்த இருநூறும் நாள் முழுவதும் பரவியா வருகின்றன? முற்பகல் பதினொரு மணிக்கு அறுபது பேர் ஒருங்கே எழுந்து வருகிறார்கள். ஒரு கோப்பைக்கு 45 விநாடி என்று வைத்துக்கொண்டால், அறுபதாவது மனிதரின் கைக்குக் காப்பி வர 45 நிமிடம் ஆகும். முதலில் வந்தவர் குடித்து முடித்து, கோப்பைப் புரட்டி, கடிதமும் எழுதிவிட்டிருப்பார். கடைசியில் வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆகையால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கூட்டம் மிகுந்த கால் மணியில் இவ்வியந்திரம் எத்தனை பேருக்கு ஊற்றும் என்பது.

கோப்பை கோப்பையாகக் காப்பி இறக்கும் முறை இத்தாலியிலிருந்து வந்தது. மிலான் நகரத்து லூயிஜி பெட்செரா 1901-இல் அத்தகைய இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிற்காலத்தில் அக்கீலே காஜ்ஜியா என்பவர் அழுத்தத்தை உயர்த்தினார். வளிமண்டல அழுத்தத்தைப் போல ஒன்பது மடங்கு அழுத்தத்தில் வெந்நீர் பொடியினூடே பாய்வதே இன்றைய வழக்கம். கடை வாயிலில் நின்றபடியே இரண்டு மிடறில் குடித்துவிட்டுப் போகிற இத்தாலியருக்கு அது உகந்தது. நம் காப்பி வேறு இனம். பில்டரில் சொட்டுச் சொட்டாக இறங்கிய டிகாக்‌ஷனை, நன்கு காய்ந்த பாலில் கலந்து, டபராவில் ஆற்றிக் குடிப்பவர்கள் நாம். நம் பொடியில் பெரும்பாலும் சிக்கரியும் கலந்திருக்கும். காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்றும், கலவையின் அளவைப் பொட்டலத்தின்மேல் குறிக்கவேண்டும் என்றும் நம் நாட்டு விதி கூறுகிறது. நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருவது அந்த வேர்தான். கொட்டையைத் தானே அரைத்துக் காப்பி இறக்கும் விலையுயர்ந்த இயந்திரத்தில் சிக்கரிக்கு இடமில்லை. பெரும்பொருள் கொடுத்து அதை வாங்கிவிட்டு, ஒரே வாரத்தில் ஊழியர் அனைவரும் தெருமுனைக் கடைக்குத் திரும்பிவிட்டால் குற்றம் யாருடையது?

மற்றொரு வகை, காப்பித் தூளும் பால் தூளும் சர்க்கரையும் முன்னமே கலந்த பொடியை வெந்நீரில் கரைத்துத் தருவது. விலை குறைவு, சில நிறுவனங்கள் பொடியைத் தம்மிடமே வாங்கவேண்டும் என்ற நிபந்தனையோடு இயந்திரத்தை இலவசமாகவே வைத்துவிட்டுப் போகும். அப்பொழுது பொடியின் விலையை மூன்றாண்டுக்குப் பெருக்கிப் பார்த்தல் நலம். அதைவிட முக்கியமானது சர்க்கரை. நீரிழிவு இல்லாத காரியாலயம் இன்று எங்கே இருக்கிறது? சர்க்கரையற்ற பொடிக்குத் தனி அறை இல்லாத இயந்திரம், தினமும் சிலரை வெறும் வெந்நீரோடு திருப்பி அனுப்பும். ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு சிறு குப்பியை எறியவைக்கும் வகையும் உண்டு. அந்தக் குப்பையை எண்ணி, ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர அரசு 2016-இல் தன் அலுவலகங்களுக்கு அக்குப்பிகளை வாங்குவதை நிறுத்தியது.

உடல்நலத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பணியிடங்களில் இருந்த 14 இயந்திரங்களின் காப்பியைச் சோதித்து, 2025-இல் முடிவை வெளியிட்டார்கள். காப்பிக் கொட்டையின் எண்ணெய்ப் பசையில் காபெஸ்டால் என்று ஒரு பொருள் உண்டு. இரத்தத்தில் தீய கொழுப்பை உயர்த்தக்கூடியது. உலோகச் சல்லடை வழியாகக் காப்பி இறக்கும் இயந்திரங்களில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 176 மில்லிகிராம் இருந்தது. காகிதத்தில் வடிகட்டிய காப்பியில் ஏறத்தாழ 12 தான். 1908-இல் மெலிட்டா பென்ட்ஸ் என்னும் ஜெர்மானிய இல்லத்தரசி, மண்டியை நீக்குவதற்காகக் காகித வடிகட்டியை அமைத்தார். அது இந்த நன்மையையும் செய்துவந்திருக்கிறது. ஒரு கோப்பை அருந்துவோர் இதற்காக அஞ்சவேண்டியதில்லை. நாளுக்கு நான்கைந்து கோப்பை அருந்துவோரும் கொழுப்புக்கு மருந்துண்போரும் நிறைந்த இடமானால், குழு இதைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

இனிக் கழுவும் விஷயத்துக்கு வருவோம். விற்பனையாளர் இதைப் பற்றி அரை வாக்கியம் பேசுவார். பால் ஓடும் குழாயை அன்றன்றே கழுவாவிட்டால் பால் உறைந்து கிருமி பெருகும். மறுநாள் கோப்பைக்குள் வருவது அதுவே. உப்பு மிகுந்த நிலத்தடி நீரை ஊற்றினால் கொதிகலத்தின் உட்புறம் சுண்ணாம்புப் படிவம் ஏறி, நீர் சூடாவது மந்தமாகும். எலுமிச்சைப் புளிப்பு உப்பைக் கரைத்து ஊற்றி அப்படிவத்தை அகற்றவேண்டும். இவற்றை யார் செய்வார்? இயந்திரம் வருவதற்கு முன்பு, பால் காய்ச்சி, யாருக்குச் சர்க்கரை வேண்டா, யாருக்கு டிகாக்‌ஷன் தூக்கலாக வேண்டும் என்று மனப்பாடமாக அறிந்து கொண்டுவந்து கொடுத்த உதவியாளர் ஒருவர் இருந்தார். இயந்திரம் வந்ததும் அவருடைய வேலை போய்விட்டது என்று எழுதிவிடுகிறார்கள்; கழுவும் வேலையை மட்டும் கணக்கில் எழுதாமல் அவர் தலையிலேயே வைக்கிறார்கள். சிக்கனம் என்ற பெயரால் செய்யப்படும் இந்த அநீதியைப் பல இடங்களில் காணலாம். காலையில் அரை மணி, மாலையில் அரை மணி என்று அவருடைய பணி நேரத்திலேயே அதைச் சேர்க்கவேண்டும். அதிகாரிகளின் அறைக்கு உள்ளே இயந்திரத்தை வைத்துவிட்டால் கூட்டுபவரும் இரவுக் காவலரும் அதன் பக்கம் வரமாட்டார்கள். ஆதலால் நடைகூடத்தில், அனைவர் கைக்கும் எட்டுமிடத்தில் வைக்கவேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம் சோதனைக்குக் கேளுங்கள், பெரும்பாலோர் தருவார்கள். அந்த வாரத்தில் குழுவின் தலைவர் ருசி பார்க்கட்டும். கணக்கர் பொடியை நிறுத்துப் பார்க்கட்டும். மூன்றாம் நாள் மாலையில் அந்த உதவியாளரை அழைத்து, பால் குழாயைக் கழற்றிக் கழுவி மீண்டும் மாட்டச் சொல்லுங்கள். கால் மணிக்குள் அவரால் அது முடியவில்லையானால், இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு அடுத்ததை வரவழையுங்கள்.