மொத்தக் கணக்கு மறைத்த வைரஸ்

2020 ஊரடங்கில் காரைக்கால் எல்லையில் பூவத்திலும் வாஞ்சூரிலும் சோதனைச் சாவடி போட்டு வண்டிகளை நிறுத்தியது கருக்களாச்சேரிக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஆனால் மறு வருஷம் ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாக எல்லோரையும் படுக்கவைத்தது முதல் வருஷத்து வைரஸ் அல்ல, அதிலிருந்து உருமாறிய டெல்டா.

கொரோனா வைரஸின் மரபுத்தொடரில் ஏறக்குறைய 30,000 எழுத்துகள். அது தன்னைப் படியெடுக்கும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழை விழும். பெரும்பாலான பிழைகளால் அதற்கு ஒரு லாபமும் இல்லை. ஆனால் டெல்டாவின் முள்புரதத்தில், அதாவது வைரஸின் மேல் துருத்தி நிற்கும் முள்ளில், 681ஆவது இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அர்ஜினின் வந்து உட்கார்ந்தது. அதனால் அந்த முள் எளிதாகப் பிளந்தது, நம் செல்லுக்குள் நுழைவது சுலபமாயிற்று.

புதிய வைரஸ் பழையதோடு சண்டை போடுவதில்லை. ஒரே மீன்கூட்டத்துக்கு இரண்டு படகு போனால் முந்திப் போய்ச் சேர்ந்தது அள்ளிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழையது 99 பேருக்கு, புதியது ஒருவருக்கு. பழையது அப்படியே நிற்க, புதியது வாரத்துக்கு இரண்டு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். நாலாம் வாரம் 16 பேர்தான், யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். ஏழாம் வாரம் 128. பெரும்பான்மை கைமாறிவிட்டது! பழையது அப்படி நிற்காமல் வேகமாகக் குறைந்துகொண்டு வந்தால், முதல் சில வாரங்களில் மொத்த எண்ணிக்கை இறங்குவதாகவே தெரியும்.

2021 தொடக்கத்தில் நாடு ஏமாந்தது இங்கேதான். டெல்டா பிறந்த குடும்பத்தின் தடயம் 2020 அக்டோபரில் மகாராஷ்டிராவில் எடுத்த மாதிரிகளிலேயே இருந்தது. நாமோ தொற்று ஓய்ந்தது என்று நம்பிவிட்டோம். ஏப்ரல் 6ஆம் தேதி புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலும் ஓட்டுப் போட்டோம். மே 21 அன்று தமிழ்நாட்டில் மட்டும் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று.

கொடிய வைரஸ்தான் ஜெயிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. காய்ச்சல் தொடங்க ஒன்றிரண்டு நாள் இருக்கும்போதே வைரஸ் அடுத்தவரிடம் தாவ ஆரம்பித்துவிடுகிறது. பிறகு அந்த நோயாளிக்கு என்ன ஆனாலும் அதன் பரவல் பெரிதாகக் குறைவதில்லை. 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா அறிவித்த ஒமிக்ரானைப் பாருங்கள். டெல்டாவைவிட உயிர்ப்பலி குறைவு. ஆனால் முள்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்களோடு வந்ததால், தடுப்பூசி போட்டவரையும் ஏற்கெனவே நோய் கண்டவரையும் மறுபடி தொற்றியது. டிசம்பர் முடிவதற்குள் புதுச்சேரிக்கு வந்தது, சில வாரங்களில் டெல்டாவை ஓரங்கட்டியது.

மொத்தக் கணக்கு மறைப்பதை மாதிரிகளின் மரபுத்தொடரைப் படித்தால்தான் பிடிக்க முடியும். அதற்காக மத்திய அரசு ஆய்வகங்களை ஒன்றுசேர்த்து இன்சாகாக் அமைப்பை 2020 டிசம்பரில் தொடங்கியது. தமிழ்நாட்டின் சொந்த ஆய்வகம் சென்னை தேனாம்பேட்டையில் திறக்கப்பட்டபோது 2021 செப்டம்பர். டெல்டா அலை அடித்து ஓய்ந்திருந்தது. அடுத்த அலைக்கு முன்னால் காரைக்கால் மருத்துவமனைக்கு வரும் காய்ச்சல்காரரின் மாதிரியும், மொத்த எண்ணிக்கை குறைவாக இருக்கும் மாதங்களில்கூட, அப்படி ஓர் ஆய்வகத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.